கூடு கட்டாத புழுக்களும் என் அப்பாவும்

பண்ணை நிர்வாகம் என் அப்பாவை வேலையிலிருந்து நீக்கியபோது கொடுத்த தாளில், காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருக்கிறது: அலட்சியம். அந்தத் தாளின் மூலமும் நகலும் என்னிடம் உள்ளன. மூலத்தில் அப்பாவின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இலைச்சாற்றுக் கறை ஒன்று பச்சையாக இருந்து பழுப்பாகிவிட்டது. நகலில் அது வெறும் கறுப்புத் திட்டு. அந்தச் சொல்லை அங்கிருந்து எடுக்கவைக்க வேண்டும் என்பதற்காகவே என் இளமையின் பெரும்பகுதியைத் தாள் சேர்ப்பதில் கழித்தேன். சேர்த்ததையும், கடைசியில் மனுவை அனுப்பாமல் விட்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொன்னதைச் சொன்னதாகவும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

அப்பா பட்டுப்புழு வளர்ப்பவர். ஊரின் விளிம்பில் மல்பெரித் தோட்டத்தோடு சேர்ந்த ஒரு தனியார் பண்ணை. அதன் பெரிய வளர்ப்புக் கொட்டகை முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. வலை அடித்த சன்னல்கள், ஆள் உயரத்துக்கு அடுக்கிய தட்டுகள், உள்ளே நுழையுமுன் கால் பதிக்கச் சுண்ணாம்புத்தூள் பரப்பிய பலகை. எங்கள் வீடு எதிர்வரிசையில், பண்ணை கொடுத்த ஒற்றை அறை. புழுக்கள் இலை தின்னும் சத்தம் மழைபோல இருக்கும் என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது, பக்கத்து அறையில் யாரோ ஓயாமல் காகிதம் கிழிப்பதுபோலத்தான் கேட்கும்.

பண்ணையில் அவருக்குத் 'தூக்கக்காரர்' என்று பெயர். அவர் தூங்கி யாரும் பார்த்ததில்லை; பெயர் புழுவால் வந்தது. பட்டுப்புழு தன் வாழ்நாளில் நான்கு முறை தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். உடல் பெருத்த அளவுக்குத் தோல் பெருப்பதில்லை. ஆகவே உள்ளே புதுத் தோல் தயாராகும்வரை அந்தக் கிடை. தொழிலில் அதைத் தூக்கம் என்பார்கள். அப்போது தட்டை ஆட்டினால் பாதி கழன்ற தோல் உடம்பிலேயே சிக்கிக்கொள்ளும். முதலில் விழித்ததற்கு இரக்கப்பட்டு இலை போட்டால், விழிக்காததெல்லாம் இலைக்கடியில் புழுங்கிச் சாகும். ஆகவே புழு தூங்கத் தொடங்கியதும் அப்பா தன் நீலச் சட்டையைக் கழற்றிக் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளில் மாட்டிவிடுவார். சட்டை தொங்கினால் யாரும் உள்ளே போகக்கூடாது, முதலாளி உட்பட. எந்த விதிமுறைத் தாளிலும் எழுதப்படாத விதி அது; நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஆனாலும் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

அம்மா அதே பண்ணையில் இலை நறுக்கும் பிரிவில் இருந்தாள். சட்டையை வைத்து அவரைச் சீண்டாத நாள் அவளுக்கு விடிந்ததில்லை.

"புழு தூங்குறதுக்குச் சட்டையைக் கழட்டி மாட்டுற மனுஷன், நான் கொஞ்சம் கண்ணசந்தா மட்டும் சாவி எங்கேன்னு வந்து எழுப்புவாரு."

"நீ தோல் உரிக்கப் போறேன்னா முன்கூட்டியே சொல்லு. வீட்டுக் கதவுலயும் ஒரு சட்டை மாட்டிடறேன்."

"நான் உரிச்சா உங்க தோலைத்தான் உரிப்பேன்."

இப்படிப் பேசிக்கொண்டே இருவரும் வேலைக்குக் கிளம்புவார்கள். இது நான் நேரில் கண்டது.

கொட்டகையை ஒட்டிய தெருக்களுக்குக் கொசு மருந்து அடிக்க நகராட்சியிலிருந்து ஒரு பெண் வருவார். நாங்கள் அவரைக் கொசுக்காரம்மா என்போம். தோளில் புகைக் கருவி, தலையில் துண்டு, குரல் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். அவருடைய கருவியின் இரைச்சல் தெருமுனையில் கேட்டதுமே அப்பா பண்ணை வாசலில் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிடுவார். கொசுவைக் கொல்லும் புகை புழுவையும் கொல்லும். தோட்டத்து எல்லைவரை அவரைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வருவார். "மனுஷனைக் கொசு கடிச்சாப் பரவாயில்ல, உங்க புழுவுக்குத் தும்மல் வந்துடக் கூடாது, அப்படித்தானே?" என்று கொசுக்காரம்மா கேட்பார். அப்பா அதற்கும் சிரிப்பார். ஒவ்வொரு முறையும் இந்த நாடகம் நடக்கும். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பிப் போவார்.

எனக்குப் பத்து வயது நடந்த கோடையில் கொசுக் காய்ச்சல் எங்கள் வரிசை வீடுகளுக்குள் நுழைந்தது. முதலில் கோடி வீட்டுத் தச்சர், பிறகு அவர் தங்கை, பிறகு நான். எனக்கு இரத்தத்தில் ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டே போயிற்று என்று மருத்துவமனைச் சீட்டு சொல்கிறது. எனக்கு நினைவிருப்பது குறைவு: ஈரத்துணி, அம்மாவின் வளையல் என் முழங்கையில் இடித்தது, பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டே இருந்தது. கொட்டகையில் அப்போது புழுக்கள் நான்காவது பருவத்தில் இருந்தன. அப்பா இரண்டு இடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் முதன்முதலாகக் காய்ச்சல் தணிந்து கண்மூடிய பிற்பகலில், அவர் தன் சட்டையைக் கழற்றி அறைக்கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வெளியே பனியனோடு நின்றாராம். தலைமைச் செவிலி வந்து, "யாரு இங்க துணி காயப்போட்டது?" என்று அதட்டியிருக்கிறார். "கொழந்தை தூங்குதுங்க" என்று மட்டும் அப்பா சொன்னாராம். இது அம்மா சொன்னது. அவள் அதைச் சொல்லும்போது முதலில் சிரிப்பாள், முடிக்கும்போது சிரிக்கமாட்டாள்.

நான் பிழைத்தேன். வீட்டுக்கு வந்து சன்னலோரம் படுத்திருந்தேன். ஆகவே அடுத்து நடந்ததைப் பெரும்பாலும் நானே பார்த்தேன்.

புழுக்கள் நான்காவது தூக்கம் முடிந்து ஐந்தாவது பருவத்துக்கு வந்திருந்தன. அதுதான் கடைசிப் பருவம். வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பகுதியை அந்த ஒரு வாரத்தில்தான் தின்னும். பிறகு ஒரு நாள் தின்பது நிற்கும். உடம்பு சற்றே சுருங்கி, வெள்ளை மாறி, வெளிச்சத்தில் பிடித்தால் கழுத்துப் பக்கம் தேன்போலத் தெரியும். அதைப் பழுத்த புழு என்பார்கள். அது தலையை இங்கும் அங்கும் ஆட்டி இடம் தேடும். எடுத்துக் கூட்டுத் தட்டியில் விட்டால் நூலை இழுக்கத் தொடங்கும். அந்தக் கோடை வெயிலில் இலை வெட்டிய சற்று நேரத்திலேயே வாடியது. வாடிய இலையைப் புழு தின்னாது. ஆகவே இலைக்குவியலை ஈரச் சாக்கால் மூடி, மேலே தண்ணீர் தெளித்து வைப்பது வழக்கம். கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. சாக்கு நனைப்பதும் தெளிப்பதும் அந்தத் தண்ணீரில்தான்.

பழுக்கவேண்டிய நாள் வந்தது. புழுக்கள் பழுக்கவில்லை, தின்றன. மறுநாளும் தின்றன. அவ்வளவு பெரிய புழுக்களை யாரும் அதுவரை பார்த்ததில்லை. இலை நறுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். முதலாளி தன் நண்பர்களைக் காரில் அழைத்துவந்து, ஒரு புழுவை உள்ளங்கையில் வைத்து, மருமகனைக் காட்டுவதுபோலக் காட்டினார். புழு பெருத்தால் கூடு பெருக்கும், கூடு பெருத்தால் நூல் நீளும் என்பது அங்கே எல்லோரும் அறிந்த கணக்கு. அப்பாவும் முதல் நாள் மகிழ்ந்தார். பசித்து வாயைத் திறப்பதற்கு இலை போடுவதுதானே அவர் வேலை. தோட்டத்தின் கடைசி வரிசைவரை வெட்டச் சொன்னார், சாக்கை இன்னும் நன்றாக நனைக்கச் சொன்னார். இதைப் போன்ற ஒரு பிழையைப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மட்டுமே செய்யமுடியும். வேறு எந்தத் தொழிலில், நன்றாகச் சாப்பிடுவதை நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்?

மூன்றாம் நாள் அவர் முகம் மாறியிருந்தது. சன்னல் வழியாக எனக்கு அது தெரிந்தது. ஒவ்வொரு புழுவாக எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து மீண்டும் தட்டில் வைத்தார். எதிலும் தேன் நிறம் இல்லை. எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை. கூட்டுத் தட்டிகள் துடைத்துத் தயாராகச் சுவரோரம் சாய்ந்திருந்தன. புழுக்கள் தலையைத் தூக்கின, இடம் தேடுவதற்கல்ல, இன்னும் இலை வேண்டும் என்று. பிறகு அவை தின்னவும் முடியாமல் நிறுத்தவும் தெரியாமல் சோர்ந்தன. சில புழுக்கள் தட்டின் மேலேயே, கூடாக அல்லாமல் எச்சில்போல, நூலைத் தட்டையாகத் துப்பின. பிறகு கறுத்துச் செத்தன. நாற்றத்துக்குப் பயந்து எங்கள் வரிசையில் எல்லோரும் சன்னலைச் சாத்திவிட்டார்கள். என் சன்னலை மட்டும் நான் சாத்தவிடவில்லை.

அந்த நாட்களில் ஒரு பிற்பகல், அப்பா கொட்டகைக்குப் பின்னால் தொட்டியருகே நெடுநேரம் குனிந்து நின்றார். முகம் கழுவுகிறார் என்று அம்மா நினைத்தாளாம். மாலையில் தொட்டியை முழுக்கக் காலி செய்து, தென்னை நார் கொண்டு தேய்த்துக் கழுவிக் காயவிட்டார். அடுத்த வளர்ப்புக்கு இப்போதே தயாராகிறாரே என்று அம்மா அதிசயப்பட்டாள்.

அடுத்த வளர்ப்பு அவருக்கு இருக்கவில்லை. பட்டு வளர்ச்சித் துறையின் ஆய்வாளர் வந்தார். அவர் மோசமானவர் அல்லர். அவருடைய அறிக்கை என்னிடம் இருக்கிறது, நிதானமாகவே எழுதியிருக்கிறார். செத்த புழுக்களைச் சோதனைக்கு அனுப்பினார். நோய்க்கிருமி எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. நோயும் இல்லை, இலையிலும் குறை இல்லை என்றால் மிச்சமிருப்பது ஆள்தான். மருந்து ஏதேனும் அடிக்கப்பட்டதா என்ற கேள்விக்குக் கீழே, 'புகை எதையும் உள்ளே விடவில்லை' என்ற அப்பாவின் பதில் பதிவாகியிருக்கிறது. மகளுடைய நோயால் பணியாளர் பலமுறை கொட்டகையை விட்டு வெளியேறினார் என்று முதலாளி சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அதற்கு அப்பா மறுப்புச் சொல்லவில்லை. "நான்தாங்க பொறுப்பு" என்றாராம். வாசலில் நின்ற அம்மா அதைக் கேட்டாள்.

அவர் அங்கேயே கையெழுத்துப் போட்டார். வீடும் பண்ணையுடையது என்பதால் அதுவும் போயிற்று. அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் ஓடி ஒவ்வொரு பண்ணை வாசலிலும் காத்திருந்தது. வேறு எங்கும் யாரும் அவரைத் தட்டைத் தொடவிடவில்லை. கடைசியில் வேறொரு ஊரில், சரக்குப் பெட்டிகள் வைக்கும் கிடங்கில் காவலாளி ஆனார். "தூக்கக்காரரைக் காவலுக்குப் போட்டிருக்காங்க, அந்தக் கிடங்கு உருப்பட்ட மாதிரிதான்" என்றாள் அம்மா. அதில் வழக்கமான சிரிப்பு இல்லை. அவளுடைய உண்மையான கோபம் வேலை போனதில் அல்ல, அவர் வாய் திறக்காததில். பல ஆண்டுகள் ஒரே கேள்வியை விதவிதமாகக் கேட்டாள். குற்றம் செய்யாதவன் எதற்குக் கையெழுத்துப் போடவேண்டும்? அப்பா சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டோ, வானொலியின் குமிழைத் திருகிக்கொண்டோ இருப்பார். நீலச் சட்டை போய்க் காக்கிச் சட்டை வந்திருந்தது.

அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். நகல் எடுப்பதும், ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டுக் கட்டுவதும் வேலை. தாள் என்றால் என்ன, முத்திரை எங்கே இருக்கவேண்டும், எந்தக் கடிதத்துக்கு எந்தக் கடிதம் பதில் என்பதையெல்லாம் அங்கே கற்றேன். பண்ணைக்கும் துறைக்கும் எழுதி, கிடைக்கிற பதிலையும் கிடைக்காத பதிலுக்கான அஞ்சல் ரசீதையும் சேர்த்தேன். கடை முதலாளி என் கோப்பின் கனத்தைப் பார்த்து, "உனக்கு வர்ற மாப்பிள்ளை இதைத் தூக்கிப் பார்த்துட்டுத்தான் சம்மதம் சொல்லணும்" என்பார். தாள்கள் ஏறிக்கொண்டே போயின. புழுக்கள் ஏன் கூடு கட்டவில்லை என்பதற்கு மட்டும் அவற்றில் பதில் இல்லை.

பதில் ஓர் ஆய்வேடாகக் கடைக்கு வந்தது. ஓர் ஆராய்ச்சி மாணவி கட்டுவதற்குக் கொண்டுவந்த தாள்களின் நடுப்பக்கத்தில் ஒரு படம்: தட்டு நிறையக் கொழுத்த, சுண்ணாம்பு நிறப் புழுக்கள். நகல் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். அந்தப் படத்தை நான் என் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அவள் பொறுமையான பெண். நான் கேட்கக் கேட்கக் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள்.

"புழுவோட மூளைக்குப் பின்னாடி ரெண்டு குட்டிச் சுரப்பி இருக்குக்கா. அதுல இருந்து ஒரு சாறு ஓடிக்கிட்டே இருக்கும். நீ இன்னும் சின்னப் புள்ளைதான், சாப்பிடு, வளருன்னு அது சொல்லிக்கிட்டே இருக்கும். கடைசிப் பருவத்துல அந்தச் சாறு நின்னுடணும். நின்னாத்தான் சாப்பாட்டை விட்டுட்டுக் கூடு கட்டத் தோணும்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா சாப்பிட்டுக்கிட்டே இருக்கும். பெரிசாகும். ஆனா பெரியவளாகாது."

தோல் உரிப்பதற்கு வேறொரு சாறு உண்டு என்பதையும், இரண்டும் எந்த வேளையில் எவ்வளவு ஓடுகின்றன என்பதைக் கொண்டே அடுத்த தோலுக்குள் இருப்பது புழுவா கூட்டுப்புழுவா என்பது தீர்மானமாகிறது என்பதையும் அவளிடம்தான் கற்றேன். நிற்கவேண்டிய அந்தச் சாற்றைப்போலவே ஒன்றை மனிதர்கள் செய்திருக்கிறார்கள். பழத்தோட்டங்களில் பூச்சிகளைப் பெருகவிடாமல் செய்ய அதைத் தெளிக்கிறார்கள். அது விஷமாக வேலை செய்வதில்லை. உடம்புக்குள் ஏற்கெனவே ஓடும் ஆணையைப் போலவே பேசுகிறது. பட்டுப்புழுவுக்கு அதில் மிக மிகச் சிறிய அளவு போதும். கிருமி தேடுகிறவருக்கு அது அகப்படாது. எங்கள் ஆய்வாளர் தேடியது கிருமியை.

அன்று நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக அந்தச் சொல்லுக்கு எதிராக வேறொரு சொல் என்னிடம் இருந்தது. ஆனால் பண்ணையைச் சுற்றி எங்கும் பழத்தோட்டம் இருந்ததில்லை. பழைய நிலவரைபடத்தை வாங்கிப் பார்த்தேன்; இல்லை. அந்தச் செய்தியோடு நான் மீண்டும் மாணவியைத் தேடிப் போனபோது அவள் சற்று யோசித்துவிட்டு, அதே மருந்தைக் கொசுப்புழு ஒழிக்கவும் தண்ணீர்த் தொட்டிகளில் போடுவார்கள் என்றாள்.

கொசுக்காரம்மா ஓய்வு பெற்று, மகனுடைய குடை பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்து கம்பிகளில் துணியைக் கோத்துக்கொண்டிருந்தார். குரல் மட்டும் குறையவில்லை.

"யாரு, தூக்கக்காரர் பொண்ணா? அடேயப்பா, பிழைச்சு எழுந்து இவ்வளவு உசரமாயிட்டியே. உங்கப்பா என்னை வாசல்லயே மறிச்சு நிப்பாரே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். தொட்டிகளுக்கு மருந்து போட்டது உண்டா என்று கேட்டேன்.

"போட்டேனே. நான் ஒண்ணும் அத்துமீறிப் போடல. உனக்குக் காய்ச்சல் முத்தி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப உங்கப்பாவே தேடி வந்தாரு. வாழ்க்கையில முதல் தடவை. அந்தத் தொட்டியிலதான் கொசு முட்டை போடுது, எம் புள்ளை திரும்பி வர்றதுக்குள்ள ஏதாவது செய்யுங்கன்னாரு. புகை வேணாம்னாரு. நான் சொன்னேன், புதுசா மணி மணியா ஒரு மருந்து குடுத்திருக்காங்க, புகையும் இல்ல, வாடையும் இல்ல, கொசுப்புழுவைக்கூட அது கொல்லாது, கொசுவா மாறத்தான் விடாது, உங்க புழுவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு."

அதைச் சொல்லிவிட்டு அவர், அந்தப் புண்ணியம்தான் என்னைக் காப்பாற்றியது என்று என் கன்னத்தைத் தொட்டார். நான் அவரிடம் வேறெதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் உண்மையாகத்தான் சொல்லியிருந்தார். கடையிலிருந்து ஒரு குடை வாங்கிக்கொண்டு வந்தேன். அது இன்னும் விரிக்கப்படாமல் இருக்கிறது.

மனுவை நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். ஆய்வேட்டின் பக்கங்கள், சோதனை முடிவு, வரைபடம் எல்லாம் எண்ணிட்டு இணைத்திருந்தேன். புழுக்களின் சாவுக்குக் காரணம் என்ன என்ற ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது. அந்த வரியை எழுத இப்போது எல்லாம் கையில் இருந்தன. எழுதினால் அப்பாவின் பெயரிலிருந்து அலட்சியம் என்ற சொல் போய்விடும். அந்த இடத்தில் என் காய்ச்சல் வந்து உட்காரும்.

பிற்பகலில் வீட்டுக்குப் போனேன். அப்பா மேசைமேல் துணி விரித்துக் காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் மனுவை முதல் வரியிலிருந்து படித்தேன். காலி வரி வந்ததும் நிறுத்தினேன். கொசுக்காரம்மாவைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார்.

கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தேன். அவரே சொன்னார்.

"தொட்டியில எட்டிப் பார்த்தேன். கொசுப்புழு எல்லாம் அப்படியே நீந்துது. பக்கத்துல கூட்டுப்புழுவாச் சுருண்டது எல்லாம் செத்து மிதக்குது. ஒரு கொசுவும் வெளியே வரல. அந்தம்மா சொன்னது சரிதான்னு நினைச்சேன். அப்புறம் உள்ள வந்து தட்டைப் பார்த்தேன். தட்டுலயும் அதே கதை. அந்தத் தண்ணியைத்தானே இலைக்குத் தெளிச்சோம்."

"ஏம்ப்பா சொல்லல? அந்த ஆய்வாளர்கிட்ட சொல்லியிருந்தா..."

"சொன்னா அவரு கேட்பாரு, எதுக்கு மருந்து போட்டேன்னு. அது எழுதப்படும். எழுதினது ஒரு நாள் உன் கண்ணுல படும். நீ எழுத்தைப் பார்த்தா விடமாட்டியே, சின்ன வயசுலயே பொட்டலத் தாளைக்கூடப் பிரிச்சுப் படிக்கிறவ. பத்து வயசுப் புள்ளை, உன்னாலதான் இத்தனையும் செத்துச்சு, வீடு போச்சுன்னு படிக்கணுமா?"

"எனக்கு இப்ப முப்பத்தாறு வயசாகுதுப்பா."

"தெரியுது. முப்பத்தாறு வயசுலயும் அதைக் கேட்டுட்டு வந்து நிக்கிற முகத்தைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் மீண்டும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் காலரை அழுத்தினார். மனுவை என்ன செய்வது என்று கேட்டேன். அனுப்பவேண்டாம் என்றார். அந்தச் சொல் அப்படியே இருந்துவிடுமே என்றேன்.

"இருக்கட்டும். அது எனக்குப் பழகிப்போச்சு."

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். வேலை போனது அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லையாம். கடைசி நாட்களில் புழுக்கள் தலையைத் தூக்கி இலை கேட்டபோது, நிறுத்தவேண்டும் என்று அவற்றுக்குச் சொல்ல யாருமில்லாமல் போயிற்றே, அதைத்தான் அவரால் மறக்கமுடியவில்லையாம். "நானும் போட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். அந்தச் சட்டையை அவர் அதற்குமேல் தேய்க்கவில்லை, மடித்து வைத்துவிட்டார்.

அம்மாவிடம் அன்று மாலையே அவர் எல்லாவற்றையும் சொன்னார். நான் வெளியே படியில் உட்கார்ந்திருந்தேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். பிறகு அம்மா வெளியே வந்து, என்னைத் தாண்டிப் போய், தெருக்குழாயில் தேவையில்லாமல் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அதற்குப் பிறகு அவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்ற கேள்வியை அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. கேலியும் குறைந்துவிட்டது. அந்தக் கேலி இல்லாத வீட்டில் அப்பா சற்று வழி தெரியாதவர்போல நடமாடினார்.

அவர் அடுத்த கோடைக்குள் இறந்தார். நெஞ்சுவலி, கிடங்கு வாசலில், நாற்காலியில் உட்கார்ந்தபடி. உடன் வேலை செய்தவர்கள் முதலில் அவர் தூங்குகிறார் என்றே நினைத்தார்களாம். அவருடைய பழைய பெயர் அவர்களில் யாருக்கும் தெரியாது.

மனுவை அனுப்பவேண்டாம் என்றுதான் அப்பா சொன்னார். எழுதவேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அந்த வேறுபாட்டைப் பலமுறை எண்ணிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பண்ணை இப்போது இல்லை. கொட்டகையில் சிமெண்டு மூட்டை வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை நீக்கச் சொல்ல இனி அங்கே ஆளும் இல்லை.

இறப்பைப் பதியப் பதிவு அலுவலகத்துக்கு அம்மாவும் நானும் போனோம். எழுத்தர் தலை நிமிராமல் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பெயர், வயது, முகவரி. தொழில் என்றபோது, காவலாளி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். கிடங்கின் அடையாள அட்டையும் கையில் தயாராக வைத்திருந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"புழு வளர்க்கிறவரு."

எழுத்தர் நிமிர்ந்தார். "என்ன புழும்மா?"

"பட்டுப்புழு. பின்னே, வயித்துப் புழுவா?"

அதற்குச் சான்று இருக்கிறதா என்று அவர் என்னைப் பார்த்தார். என் பையில் இருந்த ஒரே சான்று, அலட்சியம் என்று எழுதிய அந்தத் தாள்தான். அதில் பதவி என்ற இடத்தில், பட்டுப்புழு வளர்ப்பாளர் என்று தட்டச்சில் தெளிவாக இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எழுத்தர் மேல்பாதியை மட்டும் படித்துவிட்டு, அப்படியே எழுதி, முத்திரை வைத்து, தாளைத் திருப்பித் தந்தார்.

வெளியே வந்ததும் அம்மா இறப்புச் சான்றிதழை என் கையிலிருந்து வாங்கி, இரண்டாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதன் நகல் மட்டுமே என் கோப்பில் இருக்கிறது. மூலம் அவளிடம்.